வீட்டில் வரலாறு கற்பிக்க ஒரு கதைநூலும் ஒரு செயல்பாட்டு நூலும்: ‘தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்’ முதல் தொகுதி குறித்த மதிப்புரை

அமெரிக்க எழுத்தாளர் சூசன் வைஸ் பௌவர் எழுதிய ‘தி ஸ்டோரி ஆஃப் தி வேர்ல்ட்’ நான்கு தொகுதிகள் கொண்ட உலக வரலாறு. தொடக்கப் பள்ளி வயதுக் குழந்தைகளுக்குப் பெற்றோர் வாய்விட்டு வாசித்துக்காட்டுவதற்காக எழுதப்பட்டது. பண்டைக்காலத்தைச் சொல்லும் முதல் தொகுதி 2001இல் வெளிவந்தது; 2006இல் திருத்திய பதிப்பு வந்தது. நாடோடிகளாகத் திரிந்த மனிதர் வேளாண்மைக்கு மாறிய காலத்தில் தொடங்கி, மேற்கு ரோமப் பேரரசு வீழ்ந்த கி.பி. 476 வரை 42 அத்தியாயங்களில் அது செல்கிறது. இதற்கென்றே தனியாக ஒரு செயல்பாட்டு நூலும் விற்கப்படுகிறது. இரண்டையும் சென்னையில், பள்ளிக்குப் போகும் இரண்டு குழந்தைகளோடு, வார இறுதிகளிலும் விடுமுறைகளிலும் பயன்படுத்திவரும் பெற்றோர் என்ற நிலையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: கதைநூலை வாங்குங்கள், செயல்பாட்டு நூலை முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள், ஆனால் இரண்டையும் அச்சிட்டபடியே பின்பற்றாதீர்கள்.

கதைநூலின் பலம் அதன் நடையில் இருக்கிறது. ஆண்டுகளையும் பெயர்களையும் அடுக்கி, கீழே ‘கோடிட்ட இடங்களை நிரப்புக’ என்று முடியும் பாடநூல் நடைக்கு நேர் எதிரானது அது. மேல் எகிப்தின் வெள்ளை மகுடமும் கீழ் எகிப்தின் சிவப்பு மகுடமும் நர்மர் என்ற அரசரின் தலையில் ஒன்றாக அமர்ந்த கதையை ஒரு பாட்டி திண்ணையில் உட்கார்ந்து சொல்வதைப் போலச் சொல்கிறார் பௌவர். ஒவ்வொரு பகுதியும் இரண்டு மூன்று பக்கம்தான்; பத்து நிமிடத்தில் வாசித்துவிடலாம். முன்னுரையிலேயே வரலாறு என்றால் என்ன, தொல்லியல் என்றால் என்ன, நடந்தது நமக்கு எப்படித் தெரியவருகிறது என்ற கேள்விகளை எழுப்பிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது. நம் பாடநூல்களிலும் இது உண்டு என்றாலும், அங்கே ‘வரலாற்றுச் சான்றுகள் இரு வகைப்படும்’ என்ற வாக்கியமாக வந்து மனப்பாடத்தில் கரைந்துபோகிறது.

இவ்வகை நூல்களை ‘உயிருள்ள நூல்கள்’ என்று அழைக்கும் வழக்கம் சார்லட் மேசன் என்ற இங்கிலாந்துக் கல்வியாளரிடமிருந்து வந்தது. 1842இல் பிறந்து 1923இல் மறைந்த அவர், ஆம்பிள்சைட் என்ற சிற்றூரில் ஆசிரியப் பயிற்சி நிலையம் நடத்தியவர். பல கைகள் தொகுத்த சாரமற்ற சுருக்கங்களைக் குழந்தைகளுக்குக் கொடுக்கக்கூடாது, பொருளில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்ட ஒருவர் நல்ல நடையில் எழுதியதைக் கொடுக்கவேண்டும் என்பது அவருடைய கொள்கை. பாடம் குறுகிய நேரமே நடக்கவேண்டும், ஒரே ஒரு முறைதான் வாசிக்கவேண்டும், வாசித்து முடித்ததும் குழந்தை அதைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவேண்டும் என்பவை அவர் வகுத்த நடைமுறைகள். பௌவர் மேசனின் வழியை அப்படியே பின்பற்றுபவர் அல்லர். தம் தாய் ஜெஸ்ஸி வைஸோடு சேர்ந்து 1999இல் அவர் எழுதிய வழிகாட்டி நூல், வரலாற்றை நான்காண்டுச் சுற்றாகப் பிரித்து, பள்ளிப்பருவத்துக்குள் அந்தச் சுற்றை மூன்று முறை கடந்துவரச் சொல்கிறது. மேசன் வழியினரில் ஒரு சாரார், ஒரே நூலில் உலகம் முழுவதையும் ஓட்டமாகச் சொல்லும் இந்த நூலை உயிருள்ள நூல் என்று ஏற்பதில்லை. அந்த வாதத்துக்குள் நான் போகப்போவதில்லை. திருப்பிச் சொல்லுதல் என்ற ஒரு பழக்கத்தை இந்த நூலோடு சேர்த்துக்கொண்டால் அது நன்றாகவே வேலை செய்கிறது.

தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு கூடுதல் நன்மை இருக்கிறது. நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. குழந்தைகள் கேட்பது ஆங்கிலத்தில். ஆனால் எங்கள் வீட்டில் திருப்பிச் சொல்வது தமிழில். ஆங்கிலத்திலேயே திருப்பிச் சொல்லச் சொன்னால் குழந்தை, காதில் விழுந்த வாக்கியங்களை ஒட்டுப்போட்டு ஒப்பித்துவிடும். தமிழில் சொல்ல வேண்டும் என்னும்போது அந்தக் குறுக்குவழி அடைபட்டுவிடுகிறது. கேட்டது புரிந்திருந்தால்தான் சொல்ல வாய் வரும். பாபிலோனிய அரசர் ஹம்முராபி சட்டங்களைக் கல்லில் எழுதிவைத்த பகுதியைக் கேட்டபின் என் மகன், “ராஜா தப்பு பண்ணா அந்தக் கல்லு ராஜாவையும் கேக்குமா?” என்றான். நூலில் இல்லாத கேள்வி அது. செயல்பாட்டு நூலில் ஒவ்வொரு பகுதிக்கும் மாதிரித் திருப்பிச்சொல்லல்கள் தரப்பட்டுள்ளன. பெற்றோர் அவற்றைப் பார்க்காமலிருப்பதே நல்லது. பார்த்துவிட்டால், குழந்தையின் பேச்சை அந்த மாதிரியோடு ஒத்துப்பார்க்கும் ஆசிரியர் மனநிலை நமக்குள் புகுந்துவிடுகிறது.

இனிச் செயல்பாட்டு நூல். மறுபார்வைக் கேள்விகள், திருப்பிச்சொல்லல் மாதிரிகள், கூடுதல் வாசிப்புப் பட்டியல், நிலப்பட வேலை, வண்ணம் தீட்டும் பக்கங்கள், கைவேலைகள் என்று அத்தியாயம் தவறாமல் வருகின்றன. விலை கதைநூலைவிடக் கூடுதல். கூடுதல் வாசிப்புப் பட்டியலில் உள்ளவை பெரும்பாலும் அமெரிக்கப் பொது நூலகங்களில் கிடைக்கும் படநூல்கள். சென்னையில் அவற்றைத் தேடி அலைவது வீண். எனவே கொடுத்த விலையில் ஒரு கணிசமான பங்கு நமக்குப் பயன்படாத பக்கங்களுக்குப் போகிறது என்பதைத் தெரிந்துகொண்டே வாங்கவேண்டும்.

கைவேலைகளின் தரம் ஒரே சீராக இல்லை. நான் அவற்றை ஒரே ஒரு கேள்வியால் சலித்துக்கொள்கிறேன்: வாசிப்பு சொல்லாத ஒன்றைக் கை கண்டுபிடிக்கிறதா? கண்டுபிடித்தால் அந்த வேலைக்கு ஒரு சனிக்கிழமையை முழுதாகக் கொடுக்கலாம். இல்லையென்றால் அது அலங்காரம். அட்டையில் மகுடம் வெட்டி ஒட்டுவதும், அரசனின் படத்துக்கு வண்ணம் தீட்டுவதும் மழைநாள் பொழுதுபோக்குக்கு ஆகும், வரலாற்றுக்கு ஆகாது. இந்தச் சல்லடையில் நூலின் கைவேலைகளில் பாதிக்குமேல் தங்கவில்லை. தங்கியவையோ மிக நல்லவை.

அவற்றில் புகழ்பெற்றது கோழியை மம்மியாக்கும் வேலை. ஒரு முழுக்கோழியை உப்பும் சோடாவும் இட்டு, ஈரமான கலவையை அவ்வப்போது மாற்றி, வாரக்கணக்கில் உலர்த்திப் பதப்படுத்தச் சொல்கிறது நூல். சென்னை வெயிலில், அடுக்குமாடிக் குடியிருப்பில், பக்கத்து வீட்டாரோடு நல்லுறவைக் காப்பாற்ற விரும்புகிறவர் கோழியை விட்டுவிடலாம். நாங்கள் இரண்டு சிறிய சங்கரா மீன்களை எடுத்துக்கொண்டோம். இரண்டையும் குடல் நீக்கிக் கழுவித் துடைத்து, ஒன்றைக் கல்லுப்பில் மட்டும் புதைத்தோம். மற்றதைக் கல்லுப்பும் ஆப்பச் சோடாவும் சரிபாதியாகக் கலந்த கலவையில் புதைத்தோம். சமையலறைத் தராசில் எடை பார்த்து ஒரு நோட்டில் எழுதிவைப்பது குழந்தைகளின் பொறுப்பு. முதல் சில நாள்களில் எடை மளமளவென்று இறங்கியது. அதன்பின் இறக்கம் மெதுவானது. உப்பு மட்டும் இட்ட மீனைப் பார்த்து மகள் உடனே, “இது கருவாடுதானே?” என்றாள். ஆமாம் என்றதும் அடுத்த கேள்வி வந்தது: உப்பே போதுமென்றால் எகிப்தியர் எதற்காக வேறொன்றைத் தேடினார்கள்?

இங்கேதான் அந்த வேலை தன் விலையைத் திருப்பிக்கொடுத்தது. எகிப்தியர் பயன்படுத்தியது நேட்ரான் என்ற இயற்கை உப்புக் கலவை. வாடி எல் நேட்ரூன் என்ற பள்ளத்தாக்கின் ஏரிகளில் படிவது. சோடியம் கார்பனேட்டும் பைகார்பனேட்டும் சாதாரண உப்பும் அதில் கலந்திருக்கும். அது நீரை உறிஞ்சுவதோடு, அதன் காரத்தன்மையால் கொழுப்பைச் சிதைக்கவும் செய்கிறது, கிருமிகளையும் தடுக்கிறது. உடலை 70 நாள் நேட்ரானில் வைப்பார்கள் என்று பண்டைக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதியிருக்கிறார். இவ்வளவையும் நான் சொன்னபோது குழந்தைகள் கேட்டுக்கொண்டிருந்ததற்குக் காரணம், கேள்வி அவர்களுடையதாக இருந்ததுதான். கூடவே நூலில் இல்லாத ஒரு செய்தியையும் சேர்த்துக்கொண்டோம்: கி.மு. 1213இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மம்மியில், மூக்குத் துளைகளுக்குள் மிளகு இருந்தது. மிளகு நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் கொடி. அது எத்தனை கை மாறி அங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது, ஆனால் போயிருக்கிறது. ரசத்துக்கு மிளகு இடிக்கும்போதெல்லாம் என் மகன் இப்போது அந்த அரசனின் மூக்கைப் பற்றிப் பேசுகிறான் என்பது இதன் பக்கவிளைவு.

எகிப்தை முடித்த கையோடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய், ஆதிச்சநல்லூரில் கிடைத்த பொருள்களைப் பார்த்ததும் பொருத்தமாக அமைந்தது. உடலைக் கெடாமல் காத்து வைத்தவர் ஒரு புறம். பெரிய தாழியில் வைத்து மண்ணுக்குள் இறக்கியவர் மறுபுறம். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்கும்படி தாழியை அகலமாக வனைந்து தருமாறு குயவனைக் கேட்கும் புறநானூற்றுப் பாடலை அன்று மாலை எளிய தமிழில் சொன்னேன். உயிருள்ள நூல் என்ற தகுதிக்கு அத்தகைய சிறு பாடல்களைவிடப் பொருத்தமானவை நம்மிடம் வேறில்லை என்று நினைக்கிறேன். அவற்றைக் கோனார் உரையில் அடைத்துத் தேர்வுக்கு மட்டும் திறந்துகொண்டிருக்கிறோம்.

சல்லடையில் தங்கிய இன்னொரு வேலை களிமண்ணில் எழுதுவது. கொசப்பேட்டையில் பிள்ளையார் சதுர்த்தி சமயத்தில் கிடைக்கும் களிமண்ணே இதற்குப் போதும். நூலில் வரும் ஆப்பெழுத்துகளின் படத்தைப் பார்த்துக் குழந்தைகள் முதலில் பென்சிலால் கோடு இழுத்தார்கள். களிமண் இருபுறமும் மேடுதட்டி, கோடு அசிங்கமாகிவிட்டது. பிறகு ஓரம் சதுரமாக வெட்டிய ஒரு மூங்கில் குச்சியைக் கொடுத்தேன். அதன் முனையைச் சாய்த்து ஒரு அழுத்து அழுத்தியதும், தலை பருத்து வால் மெலிந்த அந்த முக்கோண வடு தானாகவே விழுந்தது. சுமேரியர் எழுத்து ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை: அது இழுத்து எழுதியதல்ல, அழுத்தி எழுதியது.

அடுத்து நாங்களாகவே ஒன்றைச் செய்தோம். உடைந்த மண்பானையின் ஓடுகளை எடுத்து, ஆணியால் தமிழின் பழைய எழுத்துவடிவமான தமிழி எழுத்துகளைக் கீறச் சொன்னேன். கீழடிப் பானையோடுகளில் படிக்கப்பட்டுள்ள ‘ஆதன்’, ‘குவிரன்’ என்ற பெயர்களோடு தங்கள் பெயர்களையும் எழுதினார்கள். நேர்க்கோடு எளிதாக வந்தது. வளைவு வரும் இடங்களில் ஆணி வழுக்கியது. இன்றைய தமிழ் எழுத்தில் அதே பெயரை ஓட்டில் எழுதிப் பார்த்தபோது கை வலித்தது. அப்படியானால் நம் எழுத்து எப்போது வட்டமாயிற்று? ஓலையில் நேர்க்கோடு இழுத்தால் நரம்போடு சேர்ந்து கிழியும் என்பதால் எழுத்து வளைந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு பனையோலைத் துண்டு கிடைத்தால் அதையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். நகரத்தில் பனையோலை தேடுவதுதான் இப்போது என் வேலை.

நிலப்பட வேலையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அது நன்றாக இருக்கிறது. நைல் நதி வடக்கு நோக்கிப் பாய்கிறது, அதனால் மேல் எகிப்து படத்தில் கீழே இருக்கிறது என்பதைப் பென்சிலால் நதியின் போக்கில் போய்ப் பார்க்கும் குழந்தை மறப்பதில்லை.

காலக்கோடு விஷயத்தில் மேசனின் வழக்கத்தையே நான் தேர்ந்தேன். ஆனால் அவர் சொன்ன நூற்றாண்டு நோட்டுப் புத்தகத்துக்குப் பதிலாக ஒரு பழைய சேலையை எடுத்துக்கொண்டோம். ஒரு சேலையின் நீளம் ஏறக்குறைய ஐந்தரை மீட்டர். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்தாண்டு என்று வைத்தால், கி.மு. 3100 அளவில் எகிப்தை ஒன்றாக்கிய நர்மர் முதல் இன்றுவரை ஐந்து மீட்டருக்குச் சற்றுமேல் வருகிறது. சேலை கச்சிதமாகப் போதும். முந்தானைப் பக்கம் இன்று, மறுமுனையில் நர்மர். படித்த ஒவ்வொருவரையும் சிறு துணித்துண்டில் எழுதி ஊக்கு குத்துகிறார்கள். எட்டு வயதுக் குழந்தையின் முழு வாழ்வும் ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுவதைக் கண்டு என் மகனுக்கு முதலில் கோபம் வந்தது. கரிமக் கணிப்பில் கி.மு. 580 என்று வந்த கீழடி மாதிரியின் காலத்தைக் குத்தியபோதுதான் எனக்கே வியப்பு: அது சேலையின் ஏறத்தாழ நட்டநடுவில் விழுந்தது. நர்மருக்கும் கீழடிக்கும் உள்ள தொலைவும், கீழடிக்கும் நமக்கும் உள்ள தொலைவும் கிட்டத்தட்ட ஒன்றே. ‘பண்டைக்காலம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்த ஒன்று அங்கே இரண்டாகப் பிரிந்தது. செயல்பாட்டு நூலின் எல்லாக் கைவேலைகளையும்விட இந்தச் சேலைதான் எங்கள் வீட்டில் அதிகம் பயன்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நூலின் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, பங்கீடு. பின்பாதியில் பெரும்பகுதி கிரேக்கத்துக்கும் ரோமுக்கும் போய்விடுகிறது. இந்தியாவுக்குக் கிடைப்பவை சிந்துவெளி நகரங்கள், ஆரியரும் சித்தார்த்தரும், மௌரியர் என மூன்று அத்தியாயங்கள். மூவேந்தருக்குத் தனி அத்தியாயம் கிடையாது. ஒரு அமெரிக்க எழுத்தாளர் தம் நாட்டுக் குழந்தைகளுக்காக எழுதிய நூலில் இது எதிர்பார்க்கக்கூடியதுதான். இதற்காக அவரைக் குறைசொல்வதைவிட, அந்த இடைவெளியை நாம் நிரப்பவேண்டும் என்று தெரிந்துகொள்வது மேல். சாதியைப் பற்றிய பத்திகள் குழந்தைகளுக்காக வெகுவாகச் சுருக்கப்பட்டவை. இங்கே வளரும் குழந்தைக்கு அது தொலைதூரத்துப் பழங்கதை அல்ல. அந்த இடத்தில் நூலை மூடிவைத்துப் பெற்றோரே பேசவேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. சான்றுள்ள வரலாறும், மரபுக்கதையும், சமயநூல் கதையும் ஒரே குரலில், ஒரே ஓட்டத்தில் வருகின்றன. ஆப்ரகாம், யோசேப்பு ஆகியோரின் விவிலியக் கதைகள், கல்வெட்டுச் சான்றுகளுள்ள அரசர்களின் கதைகளுக்கு நடுவில் அதே நடையில் சொல்லப்படுகின்றன. பட்டுப்புழுவைக் கண்டறிந்ததாகச் சொல்லப்படும் சீன அரசி லெய் ஸு ஒரு மரபுக்கதை. பண்டை ஆப்பிரிக்கா என்ற அத்தியாயத்தில் அனன்சி என்ற சிலந்தியின் நாட்டார் கதைகள் கணிசமான இடத்தை எடுத்துக்கொள்கின்றன; அவை அழகான கதைகள், ஆனால் மேற்கு ஆப்பிரிக்காவின் அக்கான் மக்கள் வாய்வழியாகச் சொல்லிவந்தவை, பண்டைக்கால ஆப்பிரிக்காவின் வரலாறாக நிற்கக்கூடியவை அல்ல. ஏழு வயதுக் குழந்தை இவற்றைப் பிரித்தறியாது. நாங்கள் சேலையில் குத்தும் துணித்துண்டுகளுக்கு மூன்று நிறங்கள் வைத்துக்கொண்டோம்: தோண்டியெடுத்த பொருளோ அக்காலத்து எழுத்தோ சான்றாக இருந்தால் வெள்ளை, பிற்காலத்தவர் எழுதியதாக இருந்தால் மஞ்சள், கதையென்று மட்டும் தெரிந்தால் பச்சை. எந்த நிறம் என்று தீர்மானிக்க நடக்கும் சண்டை, அத்தியாயத்தைவிட நீளமாகப் போவது உண்டு. ரோம் நகரை நிறுவியதாகக் கதையில் வரும் ரோமுலஸ் பச்சை என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. புத்தரை எந்த நிறத்தில் குத்துவது என்பது இன்னும் முடியவில்லை.

சிந்துவெளி அத்தியாயத்தை நூல் நேர்மையாகக் கையாள்கிறது. மொஹஞ்சதாரோ ஏன் கைவிடப்பட்டது என்பதை ஒரு புதிராகவே நிறுத்திவிடுகிறது. ஆனால் அந்த நகரங்களின் உண்மையான வியப்பு அவற்றின் அளவுமுறையில் இருக்கிறது, அதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஹரப்பா காலச் செங்கற்களின் தடிமன், அகலம், நீளம் ஆகியவை 1:2:4 என்ற விகிதத்தில் அமைந்தவை. தொலைவிலுள்ள நகரங்களிலும் இதே விகிதம்தான். எங்கள் தெருவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் வாசலில், மேஸ்திரியிடம் கேட்டுக்கொண்டு, தையல் டேப்போடு குழந்தைகளை உட்காரவைத்தேன். நம் செங்கல் ஒன்பது அங்குல நீளம், நாலரை அங்குல அகலம், மூன்று அங்குலத் தடிமன் என்ற கணக்கில் வந்தது. நீளம் அகலத்தைப்போல் இரு மடங்கு என்பது நாலாயிரம் ஆண்டுக்கு முன்னும் இன்றும் ஒன்றே என்று கண்டுபிடித்தவள் மகள். ஏன் என்று மேஸ்திரியைக் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கல்லைக் குறுக்காகவும் ஒரு கல்லை நெடுக்காகவும் வைத்து, ஓரம் சரியாகப் பொருந்துவதைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அன்றைய வகுப்பில் சிறந்த ஆசிரியர் அவர்தான்.

மௌரியர் அத்தியாயம் தமிழகத்துக்கு ஒரு நேர்வழி திறக்கிறது, நூல் அதை அறியாவிட்டாலும். கலிங்கப் போருக்குப் பின் மனம் மாறிய அசோகரின் கதையை வாசித்தபின், அவருடைய பாறைக் கல்வெட்டுகளில் இரண்டாவது, சோழரையும் பாண்டியரையும் கேரளபுத்திரரையும் சத்தியபுத்திரரையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதைச் சொன்னேன். முதல் மூவர் யாரென்று குழந்தைகளுக்குப் புரிந்துவிட்டது. சத்தியபுத்திரர் யார்? இந்தக் கேள்விக்கு நல்ல விடை 1981இல்தான் கிடைத்தது. திருக்கோவிலூருக்கு அருகே ஜம்பையில் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த பாளி என்று சொல்கிறது. பாளி என்பது துறவியர் தங்கும் குகை. அதியமான் என்ற பெயரைக் கேட்டதும் நெல்லிக்கனிக் கதை இருவருக்கும் நினைவுக்கு வந்தது. பாட்டி சொன்ன கதையில் வந்தவர், மகத நாட்டு அரசரின் கல்லில் தம் குடிப்பெயரால் நிற்கிறார் என்று தெரிந்த அந்த நிமிடம், எந்தச் செயல்பாட்டு நூலும் தரமுடியாதது. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், தொண்டைமானின் ஆயுதங்கள் எண்ணெய் பூசி மயிற்பீலி சூட்டிப் பளபளப்பாக இருக்கின்றன, எங்கள் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாடிய பாட்டையும் சேர்த்துச் சொன்னேன். எது புகழ்ச்சி, எது ஏளனம் என்று பிடிபட மகனுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிடிபட்டதும் சிரித்துக்கொண்டே இருந்தான். அதியமானுக்கு எந்த நிறத் துணி என்பதிலும் சண்டை வரவில்லை: வெள்ளை.

ரோமானிய அத்தியாயங்களுக்குத் துணையாக எழும்பூரில் ரோமானிய நாணயங்கள் இருக்கின்றன. எகிப்தின் செங்கடல் கரையிலுள்ள பெரெனிகேயில் ஒரு கோயிலில் ஏழரைக் கிலோ மிளகு நிரம்பிய இந்தியச் சாடி கிடைத்த செய்தியும், அதே கரையிலுள்ள குசெய்ர் அல் காதிமில் ‘பானை ஒறி’ (பானை வைக்கும் உறி) என்று தமிழியில் எழுதிய ஓடு கிடைத்த செய்தியும் சேர்ந்தால், சீசர்கள் அவ்வளவு தொலைவில் இல்லை. மதுரைப் பக்கம் போகிறவர்கள் கீழடி அருங்காட்சியகத்தை இந்த நூலின் இணைப்பாகவே கருதலாம். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட, செட்டிநாட்டு வீட்டமைப்பிலான கட்டடம் அது. நூற்கும் தக்களி, பகடைக்காய், வட்டச்சில்லு என்று குழந்தை தானே பெயர் சொல்லிவிடக்கூடிய பொருள்கள் அங்கே நிறைய இருக்கின்றன. போகுமுன் வீட்டில் ஓட்டுச்சில்லைத் தரையில் தேய்த்து வட்டமாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று தெரிந்த குழந்தை, கண்ணாடிப் பேழைக்குள் குவிந்திருக்கும் சில்லுகளை வேறு கண்ணோடு பார்க்கும்.

நடைமுறைக் குறிப்புகள் சில. நான்கு தொகுதிகளையும் ஜிம் வைஸ் வாசித்த ஒலிநூல்கள் உண்டு. குரல் அருமையானது, நீண்ட ரயில் பயணத்துக்கு ஏற்றது, ஆனால் அமெரிக்க உச்சரிப்புக்குப் பழகாத குழந்தைக்குத் தொடக்கத்தில் பெற்றோர் குரலே நல்லது. ஆறு வயதுக்கு முன் தொடங்க வேண்டாம். பிள்ளை பத்து வயதைத் தாண்டியிருந்தால் முதல் தொகுதியின் நடை சின்னப்பிள்ளைத்தனமாகத் தோன்றும்; அவர்களைத் தம்பி தங்கைக்கு வாசித்துக்காட்டச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்வார்கள். நான்காம் தொகுதி உலகப் போர்களையும் இனப்படுகொலைகளையும் தொடுவதால், அதை வரிசை மாறாமல் கடைசியில் வைத்துக்கொள்வதே சரி; இரவுத் தூக்கத்துக்கு முன் வாசிக்கும் நூல் அல்ல அது. வண்ணம் தீட்டும் பக்கங்களுக்காக மட்டும் செயல்பாட்டு நூலை வாங்க நினைப்பவர் அந்தப் பணத்தில் ஒரு சமையலறைத் தராசும், இரண்டு கிலோ களிமண்ணும், எழும்பூருக்கு ரயில் சீட்டும் வாங்கிக்கொள்ளலாம், மீதம் இருக்கும்.